மணி வார்த்தவனின் முகம்

அந்த ரஷ்ய ஜாரின் பெயரைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. அவன் வருகிறான் என்றால் தொட்டில் குழந்தைகூட அழுகையை நிறுத்துமாம். ஒருமுறை அவன் ஓர் ஊருக்குள் நுழைந்தபோது, கடுங்குளிரில் விரிசல் கண்ட கோயில் மணி அபசுரமாக ஒலித்தது. அந்த மணியை வார்த்தவன் ரொடியான். குளிர் செய்த குற்றத்துக்கு அவன் தலை போனது. அதே வாரத்தில் இன்னும் முப்பத்தொன்பது பேரின் தலையும் போயிற்று.

வருடங்கள் கழிந்தன. ஜாருக்கு வயதாகி, நரக பயம் பிடித்துக்கொண்டது. அதே கோயில் சுவரில் ஓர் ஓவியம் தீட்டும்படி ஆணையிட்டான். நடுவில் அவன் மண்டியிட்டிருக்க வேண்டும். சுற்றிலும் அந்த நாற்பது பேரும் சிரித்த முகத்தோடு அவனை மன்னிக்க வேண்டும். கொன்றதும் அவன், மன்னிப்பைத் தானே தயாரித்துக்கொண்டதும் அவன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அங்கே ஓவியர்கள் முதலில் உடையையும் கைகளையும் தீட்டுவார்கள், முகம் கடைசியில்தான். இறந்தவரின் முகத்தை வீட்டார் வந்து சொல்ல வேண்டும், மறுப்பவருக்குச் சாவு என்பது ஆணை. முப்பத்தொன்பது வீட்டாரும் வந்து மூக்கையும் தழும்பையும் சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார்கள்.

ரொடியானின் மனைவி அகாபியா மட்டும் வரவில்லை. தினமும் காலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது, உலைச்சூட்டில் இடதுபுருவம் தீய்ந்த அந்த முகம் அவள் கண்முன் வரும். அது அந்தப் பாவியைப் பார்த்துச் சிரிப்பதா?

அந்தக் கோயிலின் தலைமைத் துறவி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "மன்னிப்பது புண்ணியம், மகளே. முகத்தைச் சொல்லிவிடு."

"தலையைக் கொடுத்தவர் அவர், சாமி. மன்னிக்க நீங்கள் யார், நான் யார்?"

அங்கிருந்து நேராக ஓவியன் சவ்வாவிடம் போனாள். அவன் ரொடியானோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். "அண்ணா, நான் சொல்லாமலே உங்களுக்கு அவர் முகம் தெரியுமே. தீட்டிவிடாதீர்கள்" என்றாள்.

சவ்வா தூரிகையைக் கழுவியபடியே சொன்னான்: "வீட்டார் சொல்லாத முகத்தை நான் தீட்டுவதில்லை, அம்மா. போய் வா."

ஜார் வந்தான். முப்பத்தொன்பது முகங்கள் சிரித்தன. நாற்பதாவது இடத்தில் உடையும் கைகளும் இருந்தன, முகம் இல்லை.

"இவன் முகம் எங்கே?"

முகத்தை ஏன் சொல்லவில்லை என்று சத்தியம் செய்து சொல்லும்படி, துறவி அகாபியாவின் கையில் சிலுவையைக் கொடுத்தார். ஊரே பார்த்திருக்க, அவள் அதைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்: "மறந்துபோயிற்று."

புருஷன் முகத்தை மறந்தவளா என்று பெண்கள் முகம் சுளித்தார்கள். அது பொய் என்று துறவிக்குத் தெரியும். பயத்தில் வாய் திறக்கவில்லை. ஆணையில் மறுத்தவருக்குத்தான் சாவு, மறந்தவருக்கு இல்லை. மோட்சம் கேட்டு வந்த நாளில், ஊரின் முன்னால் தன் ஆணையைத் தானே மீற ஜாருக்குத் துணிவில்லை. அந்த வெற்றிடத்தையே வெகுநேரம் பார்த்து நின்றுவிட்டுப் போனான்.

மன்னிக்கச் சொன்ன துறவி, ஒரு முகத்தை மட்டும் தீட்டாமல் விட்ட ஓவியன், சிலுவையைத் தொட்டுப் பொய் சொன்ன மனைவி. நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அகாபியா செய்ததுதான். மன்னிப்பு ரொடியானுடையது. துறவி அதை எடுத்துத் தானம் செய்யப் பார்த்தார். சவ்வா நண்பனை அந்தப் பொய்ச் சிரிப்பிலிருந்து காப்பாற்றினான், சரி. மற்ற முப்பத்தொன்பது பேரையும் சிரிக்க வைத்தது அவன் கைதானே? அகாபியா பொய்தான் சொன்னாள். ஆனால் தன்னுடையது அல்லாததை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அவள் மாவு பிசைந்தபோது, தீய்ந்த புருவத்தோடு அந்த முகம் வந்தது. அது சிரிக்கவில்லை.