காலியிடத்தில் நடந்தவர்கள்

நகர்ப்புறவியல் முதுகலை முடியும் தறுவாயிலேயே தில்லைக்கரசிக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆற்றங்கரையில் பெரிய பூங்கா ஒன்று வரப்போகிறது. அதற்குத் திட்டம் வரைய வேண்டும். நல்ல சம்பளம். மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியர் அருளப்பனின் அறைக்குப் போனாள்.

“சேரலாமா சார்?”

“இடத்தைப் பார்த்தியாம்மா?”

“படத்துல பார்த்தேன் சார். காலியிடம்தான்.”

அருளப்பன் குடையை எடுத்துக்கொண்டார். “வா, போயிட்டு வரலாம்.”

பேருந்தை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். ஆற்றை ஒட்டி அகலமான பொட்டல். ஒரு காலத்தில் இங்கே நெருக்கி நெருக்கிக் குடிசைகள் இருந்தன. அவற்றை இடித்து, ஆட்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அதையெல்லாம் அவள் வகுப்பில் படித்திருந்தாள். இப்போது ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

“கரை வரைக்கும் நடந்துட்டு வா,” என்றார் அருளப்பன். அவர் சாலையோரத்திலேயே நின்றுகொண்டார்.

தில்லைக்கரசி நேராக நடந்தாள். பாதி தூரம் போனதும் சாலையின் இரைச்சல் அடங்கிப்போனது. ஏனோ நின்றாள்.

தோளில் பை மாட்டிய ஒரு பெண் சாலையிலிருந்து பொட்டலுக்குள் இறங்கினாள். எதிரே தடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் நேராக வரவில்லை. கொஞ்ச தூரம் வந்து இடப்பக்கம் திரும்பினாள். உடம்பை ஒருக்களித்து எதையோ தாண்டினாள். ஓரிடத்தில் தலை குனிந்து, இரண்டு எட்டு வைத்தபின் நிமிர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்தார். அதே இடத்தில் திரும்பினார். அதே இடத்தில் குனிந்தார்.



அந்தப் பெண் அருகில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அங்க நிக்காதம்மா. உள்ள பிள்ளை தூங்குது.”

தில்லைக்கரசி கீழே பார்த்தாள். மண். காய்ந்த புல். அவளுடைய கால்கள் தாமாகவே பின்வாங்கின.

“எந்தப் பக்கமாக்கா போகணும்?” அவள் குரலும் தாழ்ந்தேதான் வந்தது.

“இப்படிச் சுத்திப் போ. சந்து இந்தப் பக்கம்.”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பெரியவரும் அவள் போன வழியிலேயே போனார்.

தில்லைக்கரசி அவள் காட்டிய பக்கமாகச் சுற்றித் திரும்பி வந்தாள். வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

“யார் சார் அவங்க?”

“இங்க குடியிருந்தவங்க. அக்கரையில வீட்டு வேலை, காவல் வேலை. பஸ்ஸுல இவ்வளவு தூரம் வந்து, இதுக்குள்ள நடந்துதான் போறாங்க.”

“இங்கதான் ஒண்ணுமே இல்லையே சார்.”



அவள் பொட்டலைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலில் அது அசையாமல் கிடந்தது.

“எனக்கு இந்த வேலை வேண்டாம் சார். வரலைன்னு சொல்லிடுறேன்.”

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

“சொல்லிடு. நாளைக்கே வேற ஒருத்தரை எடுப்பாங்க. பிள்ளை தூங்குறது அவருக்குத் தெரியாது.”

அந்தப் பெண் சொன்னதைத் தில்லைக்கரசி அவரிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.