இரண்டு சோப்பு டப்பாவும் ஐந்து தலைமுறை நண்டும்

எங்கள் நண்டுக் கொட்டகையில் குரு சின்னவர், சீடர் பெரியவர். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சீடர் இன்னாசிமுத்து அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது, கழிமுகத்தில் சொந்தக் குளம் வைத்து நண்டு வளர்த்தவர். குரு மதுரவல்லி டீச்சருக்கு நாற்பத்தொன்று. நண்டைத் தொட்டிக்குள்ளேயே முட்டையிட வைத்துக் குஞ்சாக்குகிற வித்தையைப் படித்துவிட்டு வந்தவர். நான் ரெஜினா. குஞ்சுகளின் தொட்டிக்குப் பச்சைப் பாசி வளர்க்கிறேன். என் பேரை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாசிக்காரிதான்.

அலையாத்திக் காட்டில் குஞ்சு நண்டைப் பிடித்துப் பிடித்துக் காடே காலியாகிவிட்டது. இனிமேல் குளத்துக்காரர்களுக்கு நாமேதான் குஞ்சு கொடுக்கவேண்டும். அதற்காக அண்ணாச்சி ஐந்து வருஷம் மாடாய் உழைத்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் தொட்டியில் எது பெரிசோ அதை எடுத்து வளர்த்துத் தாயாக்கினார், தகப்பனாக்கினார். தேறிய தாய் நண்டின் முதுகில் மகளுடைய சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைப்பார்.

ஐந்தாம் தலைமுறைத் தாய்களைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக ஏற்பாடு. அவர்கள் தலையாட்டிவிட்டால் இந்தக் கரை முழுக்க அண்ணாச்சியின் நண்டுதான் குளத்தில் இறங்கும். மனுஷன் புதுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. நண்டு பெரிசாகிக்கொண்டே போனது, எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. முதல் தலைமுறையில் நூறு குஞ்சு விட்டால் முப்பது தேறியது. இப்போது ஒன்பது.

குழு வர ஒரு மாதம் இருக்கும்போது அண்ணாச்சி டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, தண்ணியில குத்தமில்லை. தீனியில குத்தமில்லை. நல்லதாப் பாத்துத்தான் எடுக்கேன். பிறகு ஏன் கொறையுது?"

டீச்சர் அலமாரியிலிருந்து துளை போட்ட சோப்பு டப்பா இரண்டை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணுல நீங்க எடுக்கிற குஞ்சு. இன்னொண்ணுல நீங்க எடுக்கவே மாட்டீங்கல்லா, அது."

"எதுக்கு?"

"ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே தீனி."

"நான் கேட்டது வேறல்லா?"

"ஆமா, வேறதான்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் பாசியைப் பார்த்தேன். படித்தவர்களுக்கு நேராக ஒரு பதில் சொல்ல வாயே வராதோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

தொட்டியில் பெரிய குஞ்சு ஒன்று நடுவில் நின்றது. சட்டைப் பொத்தான் அளவு. கை வைத்ததும் இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது. "பாத்தியா பாசிக்காரி, எங்க வம்சம்!" என்று அதைப் பெருமையாக ஒரு டப்பாவில் போட்டார். அப்புறம் உடைந்த ஓட்டாஞ்சில்லுக்கு அடியில் துழாவி இன்னொன்றை எடுத்தார். எலுமிச்சை விதையளவு, ஒற்றைக் கொடுக்கு. பாவமாக இருந்தது.

"இது நாளைக்குக் காலையில உசிரோட இருந்தா என் பேரை மாத்திக்கிடுதேன்."

டப்பாக்களில் தன் கையாலேயே "நல்லது" என்றும் "ஒண்ணுக்கும் ஆகாதது" என்றும் எழுதி ஒட்டினார். மறுநாள் காலையில் இரண்டும் உயிரோடு இருந்தன. அண்ணாச்சி பேரை மாற்றவில்லை.

ஐந்தாம் நாள் ஒற்றைக் கொடுக்கு டப்பாவைத் திறந்து நான்தான் கத்தினேன். உள்ளே இரண்டு நண்டு! அண்ணாச்சி ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கூறுகெட்டவளே, ஒண்ணு வெறும் ஓடு. கழட்டிப் போட்டிருக்கு. ஓட்டைக் கழட்டுனாத்தான் நண்டு வளரும். கழட்டின கொஞ்ச நேரம் மெழுகாட்டம் மெத்துன்னு கெடக்கும். பிறகு கெட்டியாயிரும்."

இத்தனை வருஷம் பாசிக்குள்ளேயே கிடந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று வெட்கமாகப் போயிற்று.

பெரியது தீனியைச் சரியாகத் தொடவில்லை. மட்டிச் சிப்பிக் கறியை நறுக்கிப் போட்டால் அப்படியே கிடக்கும். அது பாட்டுக்கு டப்பாச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. சின்னது மூலையில் உட்கார்ந்து போட்டதையெல்லாம் தின்றது. மறுபடி ஓடு கழற்றியது. கொடுக்கு விழுந்த இடத்தில் குட்டியாக இன்னொன்று முளைத்தது.

இருபத்துநாலாம் நாள் அண்ணாச்சி இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சின்னதுதான் பெரிசாக இருந்தது.

"ஏட்டி, டப்பாவ மாத்திட்டியா?"

"நான் ஏன் மாத்தப்போறேன்? எனக்கு வேற சோலி இல்லியா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க கையெழுத்துத்தான ஒட்டியிருக்கு? படிங்க!"

படித்தார். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு டீச்சரின் அறைக்குப் போனார். சும்மா விடுவேனா, நானும் பின்னாலேயே போனேன்.

"டீச்சரம்மா, இது என்ன கூத்து?"

"ஒரு சோடிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அண்ணாச்சி."

டீச்சர் எழுந்து பின்பக்கத்து அலமாரியைத் திறந்தார். வரிசை வரிசையாகச் சோப்பு டப்பா. நாற்பது சோடி. இதெல்லாம் எப்போது போட்டார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

"இதுல முப்பத்தொண்ணு உங்க டப்பா மாதிரிதான்."

"மீதி ஒன்பது?"

"தெரியலை."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னுதான்."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒரு எழவும் புரியலை" என்றார். எனக்கும்தான் புரியவில்லை. பெரிசைப் பொறுக்கினால் பெரிசு பிறக்கும், இதில் என்ன தப்பு இருக்க முடியும்? டீச்சரிடம் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். அவர் அலமாரியை மூடிவிட்டார்.

குழு வருகிற நாள் வந்தது. அண்ணாச்சி புதுச்சட்டையில் இருந்தார். பொட்டு வைத்த தாய்களைக் கழுவி ஒரு பெரிய தட்டில் ஈரச் சாக்குப் போட்டு வைத்திருந்தார். எல்லாம் உள்ளங்கையைவிட அகலம், பார்த்தால் யாரும் வாய் பிளப்பார்கள்.

டீச்சர் வந்தார். தாய்களைப் பார்க்கவில்லை. "ஒண்ணுக்கும் ஆகாதது" டப்பாவைத் திறந்தார். சின்னது அப்போதுதான் இன்னொரு ஓட்டைக் கழற்றியிருந்தது. அதைத் தண்ணீரோடு அள்ளி அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்தார்.

"தொட்டியில விடுங்க."

"இப்பவா? இப்பத்தான ஓடு கழட்டியிருக்கு. விட்டா தின்னுரும்."

"எது தின்னும்?"

அண்ணாச்சி தொட்டியைக் காட்டினார். நடுவில் பெரிய குஞ்சு ஒன்று கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு ஒரு குஞ்சு கிடையாது.

"அதான் தின்னும்."

"அது ஓடு கழட்டும்போது அதை யாரு திம்பா?"

"பக்கத்துல ஆளு மிஞ்சினாத்தான தின்ன."

"அதை எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அடுத்த தலைமுறைக்குத் தாயா எடுக்க..."

அண்ணாச்சி கையிலிருந்ததைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தட்டிலிருந்த சிவப்புப் பொட்டுகளைப் பார்த்தார்.

"கூடப்பொறந்ததைத் தின்னு பெருத்ததைத்தான் பெரிசுன்னு எடுத்திருக்கேன். இது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"இப்படி இருக்குமோன்னு போன மாசந்தான் தோணிச்சு. நீங்க எடுத்த தாய்க்கெல்லாம் அஞ்சு வருஷமும் நானுந்தான கையெழுத்துப் போட்டேன்."

வெளியே ஜீப் வந்து நின்றது. கதவு திறந்து மூடுகிற சத்தம். யாரோ ஷூவோடு நடந்து வந்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தத் தட்டை நீட்டினால் போதும், எல்லாரும் கை தட்டுவார்கள். கரை முழுக்க அண்ணாச்சி பேரைச் சொல்லும்.

அண்ணாச்சி தட்டைத் தொடவில்லை. உள்ளங்கையில் குஞ்சு கொஞ்சம் அசைந்தது. கையை மூடவும் பயம், கவிழ்க்கவும் பயம்.

"டீச்சரம்மா, இவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"என்ன கேப்பாங்க?"

"இருக்கிறதுல எது நல்ல நண்டுன்னு கேப்பாங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

வாசலில் நிழல் விழுந்தது.

"நேத்துவரைக்கும் தெரிஞ்சுது."

"அதையே சொல்லுங்க" என்றார் டீச்சர்.