கையில் எழுதிய அடுப்பு

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே ஜெசிந்தா சி மொழியில் நிரல் எழுதுகிறவள், தணிகைவேல் ஜாவாவில். நிரலில் செய்வதையே வீட்டிலும் வெளியிலும் செய்கிற அளவுக்கு இருவருக்கும் பழக்கம் முற்றிப்போயிருந்தது.

பொங்கல் விழாவுக்கு மொட்டைமாடியில் நாலைந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல் பானையில் அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்தாயிற்று. வெல்லம் போடத்தான் மறந்துவிட்டார்கள். முதலாளியோ வரும் நேரம்.

"இதை இனிக்க வைக்கிறவங்களுக்கு நாளைக்கு லீவு," என்றார் டீம் லீடர் மங்கையர்க்கரசி.

தணிகைவேல் உடனே முன்னால் வந்தான். நாளைக்கு மணப்பாறையில் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத லீவு!

ஜெசிந்தா பானையிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளி, அதில் சர்க்கரை போட்டுக் கிளறி, தின்று பார்த்தாள். "முடிஞ்சுதுக்கா, தேனா இனிக்குது!" என்று சொல்லிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எந்த அடுப்புக்கா?" என்றான் தணிகைவேல். மங்கையர்க்கரசி உள்ளங்கையைக் காட்டினார். 'மேற்கு மூலை' என்று பேனாவால் எழுதியிருந்தது. அதை அப்படியே தன் கையிலும் எழுதிக்கொண்டு போனான். நெய்யில் வறுத்த முந்திரியைப் பானையில் கொட்டினான். வாயில் வைத்துப் பார்த்தான். "இது தேறாது" என்று கிழக்கு மூலையில் குக்கர் ஏற்றி, கருப்பட்டி போட்டு, மணக்க மணக்கப் புதுப் பொங்கலே வைத்துவிட்டான். கையிலிருந்ததை அழித்து, 'கிழக்கு மூலை' என்று எழுதிக்கொண்டான்.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சுக்கா. முதலாளி இலையை விட்டு எந்திரிக்க மாட்டார்!"

"அதெல்லாம் நான் எப்பவோ முடிச்சாச்சு," என்றாள் ஜெசிந்தா.

"உன் கிண்ணம் எங்க?" என்றான் தணிகைவேல்.

"கழுவியாச்சு!"

இதற்குள் முதலாளி வந்து உட்கார்ந்தார். "எந்தப் பானைங்க?" என்று கேட்டார் பரிமாறுகிறவர். மங்கையர்க்கரசி தன் உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: முதலாளி இலையில் விழுந்தது இனித்ததா? லீவு யாருக்கு?

விடை: இனிக்கவில்லை. சி மொழி பொருளையே நகலெடுத்துக் கொடுக்கும்; அதேபோல் ஜெசிந்தா இனிக்க வைத்தது நகலை. அது கிண்ணத்தோடு போயிற்று. ஜாவா கொடுப்பது பொருள் இருக்கும் இடத்தின் குறிப்பை; அதேபோல் தணிகைவேலிடம் இருந்தது பானையின் இடம், அதுவும் அக்கா கையில் இருந்ததன் நகல். அந்த இடத்துக்குப் போய் அவன் போட்ட முந்திரி இலைக்கு வந்தது. தன் கையை மட்டும் திருத்தியதால், அக்கா கையில் மேற்கு மேற்காகவே இருந்தது. கருப்பட்டிப் பொங்கலை யாரும் தேடிப் போகவில்லை. முதலாளி முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றார். "முந்திரிக்கு அரை நாள் தரலாம்," என்றார் மங்கையர்க்கரசி. பெண் வீட்டுக்குப் போன் போட்டு, தணிகைவேல் கூச்சத்தோடு கேட்டான்: "சாயங்காலமா வந்தா பரவாயில்லீங்களா?"