தென்காசி பஸ்ஸில் போன உதை

தென்காசிக்குப் போகிற வழியில் மொச்சைக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்று இருந்தது. எந்திரம் ஆகாயத்தில் வீசுகிற களிமண் தட்டைச் சுட்டு உடைப்பது சங்கத்தின் நோக்கம். ஒன்பது வருஷத்தில் ஒரு தட்டும் உடையவில்லை. நோக்கம் மட்டும் கீறல் விழாமல் பத்திரமாக இருந்தது.

சங்கத்தில் நாலு பேர், ஒரு துப்பாக்கி. லைசென்ஸ் தலைவர் ஞானப்பிரகாசம் பேரில் இருந்ததால் அவர்தான் சுடுவார். செயலாளர் தெய்வசிகாமணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். உக்கிரபாண்டி யோசனை சொல்வார். சோணாசலம் சொன்னதைச் செய்வான்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி தலைவரின் வலது தோளில் ஓங்கி உதைக்கும். தோள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போன அவர் மனைவி மரகதம் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"இன்னொரு தடவ தோள்ல கறுப்போட வந்தீயன்னா, அந்தத் துப்பாக்கி இந்த வீட்ல இருக்காது."

அதே வாரம் மாவட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்வையாளர் வருவார். அவர் கண் முன்னால் ஒரு தட்டாவது உடைய வேண்டும். உடையாவிட்டால் மொச்சைக்குளத்தின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். ஆக, தட்டு உடையவும் வேண்டும், தோள் கறுக்கவும் கூடாது. தலைவருக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்தச் சங்கம் போனால் அவரைத் தலைவர் என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

பக்கத்து ஊரில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். நாலு பேரும் போய் உதையைக் குறைக்க வழி கேட்டார்கள். நல்ல மனிதர், ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தப்பு அதுதான்.

முதல் வரி: துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது.

எப்போது இருக்கக் கூடாது என்று அவர் எழுதவில்லை. அதனால் எப்போதுமே இருக்கக் கூடாது என்று முடிவாகி, துப்பாக்கியைத் தலைவரின் தோளோடு சேர்த்துத் தேங்காய் நார்க் கயிற்றால் பதினோரு சுற்றுச் சுற்றினார்கள். அன்றைக்கு ஒரு கல்யாணம். தலைவர் அப்படியே போனார். துப்பாக்கியில் தோட்டா இல்லை, ஆனால் அது பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். மாப்பிள்ளை தாலியை மடியில் போட்டுவிட்டுத் தூக்கினான். ஊருக்குள் தனக்கு இவ்வளவு மரியாதை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தலைவர் கண்கலங்கினார்.

இரண்டாம் வரி: துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும்.

கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றால் துப்பாக்கியோடு ஓர் அம்மிக்கல்லைக் கட்டினார்கள். நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. தூக்க முடியாததால் சுடவில்லை. சுடாததால் உதைக்கவில்லை. செயலாளர் நோட்டில் எழுதினார்: 'உதை அறவே இல்லை. சுபேதார் கெட்டிக்காரர்.'

ஆனால் தட்டு உடைய வேண்டுமே. உக்கிரபாண்டி கண்ணை மூடி யோசித்தார்.

"பின்னால உதைக்குததுதான பிரச்சினை? துப்பாக்கியத் திருப்பிப் பிடிச்சா முன்னால உதைக்கும்லா?"

அரை மணி நேரம் மண்ணில் படம் போட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பிடித்தால் தட்டு பின்பக்கமாக வர வேண்டும், அதற்கு எந்திரத்தைப் பெயர்த்து மாற்றி வைக்க வேண்டும், அதை யார் தூக்குவது என்று செயலாளர் கேட்டார். யோசனை கைவிடப்பட்டது. எந்திரம் கனமாக இருந்ததால் தலைவர் பிழைத்தார்.

மூன்றாம் வரி: உதையை ஒரே இடத்தில் வாங்காமல் பகிர்ந்து வாங்க வேண்டும்.

"தலைவர் ஒருத்தரே வாங்கினா முழு உதை" என்றார் செயலாளர். "ரெண்டு பேரு வாங்கினா ஆளுக்குப் பாதி."

"அறுபது பேரு வாங்கினா?" என்று கேட்டார் தலைவர்.

செயலாளர் சாயங்காலம் வரை கணக்குப் போட்டார். "கொசு கடிச்சாப்ல இருக்கும், அண்ணாச்சி."

கடைசி ஆளுக்குப் பின்னால் ஆள் இல்லையே, அவன் தன் பங்கு போக மிச்சத்தை யாரிடம் கொடுப்பான் என்று சோணாசலம் கேட்டான். அந்த வாரம் முழுவதும் அந்த ஊரில் கேட்கப்பட்ட அறிவுள்ள கேள்வி அது ஒன்றுதான். அதனால் அவனையே கடைசி ஆளாகப் போட்டார்கள்.

"வாறத வாங்கி வச்சுக்கோ" என்றார் தலைவர். "நான் கேக்குத வரைக்கும் யார்ட்டயும் குடுக்காத."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மிக்கல்லை அவிழ்த்துவிட்டுத் தலைவர் பொட்டலில் துப்பாக்கியோடு நின்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உக்கிரபாண்டி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு செயலாளர், அவருக்குப் பின்னால் சுண்டல் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்த ஊர்க்காரர்கள். வரிசை பொட்டலைத் தாண்டி, ரேஷன் கடையைச் சுற்றி, பஸ் ஸ்டாப்பில் சோணாசலத்தோடு முடிந்தது. பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

தட்டு பறந்தது. தலைவர் சுட்டார். தட்டு எப்படியோ குண்டுக்குக் குறுக்கே வந்து உடைந்துபோயிற்று. "வருது, பிடி" என்று ஆளுக்கு ஆள் சொல்லித் தோளில் ஒரு தள்ளு தள்ள, உதை வரிசையாகப் போய்ச் சேர்ந்தது. சோணாசலம் இரண்டு கையாலும் வாங்கி இறுக்கி மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தென்காசி பஸ் வந்தது. வழியில் நிற்காமல் ஏறச் சொன்னார் கண்டக்டர். அவன் ஏறினான்.

பார்வையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சங்கம் பிழைத்தது. எல்லோரும் சுண்டல் தின்றார்கள். தலைவர் மட்டும் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலி இல்லை.

"உதையே வரல. அப்போ நான் சுடல. தட்டு தானா உடைஞ்சிருக்கு."

ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த தட்டு இப்படிச் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டதே என்று அவர் உண்மையிலேயே அழுதார். செயலாளர் நோட்டோடு வரிசையை விசாரித்தார். எனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். விசாரணை பஸ் ஸ்டாப்பில் முடிந்தது. உதை தென்காசிக்குப் போய்விட்டது.

சாயங்கால பஸ்ஸில் சோணாசலம் திரும்பினான். இரண்டு கையையும் பொத்தி முன்னால் நீட்டியபடியே இறங்கினான். போக வரச் சீட்டில் உட்காரவில்லை, டீ குடிக்கவில்லை, கை ஒழியாததால் டிக்கெட்டும் எடுக்கவில்லை.

"பத்திரமா இருக்கு, அண்ணாச்சி. ஒருத்தர்ட்டயும் குடுக்கல."

தலைவர் சட்டையைக் கழற்றி வலது தோளைக் காட்டினார். "குடு" என்றார். சோணாசலம் கொடுத்தான். அறுபது பேர் பங்கு அல்லவா, தலைவர் நாலடி தள்ளிப்போய் விழுந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சுட்டது நான்தான்வே" என்றார்.

வீட்டில் மரகதம் தோளைப் பார்த்தாள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்க் குளத்தின் நடுவில் வீசிவிட்டு வந்து தோசை சுட்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்கத்தார் குளக்கரையில் கூடுகிறார்கள். எந்திரம் தண்ணீருக்கு மேலே தட்டை வீசுகிறது. நாலு பேரும் காதைப் பொத்திக்கொண்டு, துப்பாக்கி சுடுவதற்காகக் காத்திருக்கிறார்கள். குளக்கரைக்கு வந்தபின் இதுவரை ஒரு தட்டும் உடையவில்லை. ஆனால் உதை விஷயத்தில், குளம் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை என்று செயலாளர் எழுதி வைத்திருக்கிறார்.