பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

சுகந்தவல்லி டீச்சரின் பாட்டு வகுப்பு ஐந்து மணிக்கு. வேதமூர்த்தி நாலு மணிக்கே வந்து மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. டீச்சருக்கு முப்பத்து மூன்று. ஆனாலும் அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் பரீட்சைக்குப் போகிறவரைப் போல அவருக்குக் கை வியர்க்கும். இன்று உடம்பெல்லாம் வியர்த்தது. காரணம் சட்டைப் பையில், போனில் இருந்தது.

வகுப்பில் எல்லாருடைய போனிலும் ஒரு தம்பூரா ஆப் உண்டு. சுருதி வைத்துவிட்டால் அது பாட்டுக்கு மீட்டிக்கொண்டிருக்கும். இலவசம்தான். ஒரே தொல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மீட்டுவதை நிறுத்திவிட்டு விளம்பரம் போடும். பணம் கட்டினால் விளம்பரம் வராது. யார் கட்டுகிறார்கள்? மூன்று மாதத்துக்கு முன் வேதமூர்த்தி தோடியில் ஒருவழியாக ஒரு நல்ல இடத்தைப் பிடித்தபோது, "சீட்டாட வாங்க, லட்சம் லட்சமா அள்ளுங்க!" என்று போன் கூவியது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் தொலைபேசித் துறையில் கம்பம் ஏறி, கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். பணம் கட்டச் சொல்லும் ஒரு சின்னப் பூட்டு தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் பொறுக்க முடியவில்லை. அந்த வாரமே அதே ஆப்பை யாரோ பூட்டு உடைத்துப் போட்டிருந்ததை இணையத்தில் தேடிப் பிடித்தார். விளம்பரமும் இல்லை, பணமும் இல்லை. அதை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். 'சார் பெரிய ஆளு' என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அது ஊர் ஊராகப் போனது. எங்கோ ஒரு நாதஸ்வரக் குழு வரை போய்விட்டதாகக் கேட்டபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது.

இன்று காலை அந்தத் தம்பூரா ஆப்பை முதலில் செய்தவர் தன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தார். "வருமானம் அநேகமாக நின்றுவிட்டது. இந்த மாதத்தோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை நாள் என் தம்பூராவோடு பாடியவர்களுக்கு நன்றி."

ஒரு ஆள் செய்த வேலையால் ஒரு ஆப் மூடிவிடுமா? மூடாது என்று அறிவு சொன்னது. மனம் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்த வயதில் குரல் வளையாது என்று மூன்று பேர் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த டீச்சர் ஒருவர்தான் உட்காரச் சொன்னார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஆண்டு விழா. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மேடையில் பாடப் போகிறார். விஷயம் தெரிந்தால் டீச்சர் என்ன சொல்வாரோ? இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே போவார்?

மேலே ஏறினார். டீச்சர் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். சீக்கிரமே வந்துட்டீங்க."

"ஒரு சந்தேகம், டீச்சர்."

"கேளுங்க."

"ஒருத்தர் பொருளை நான் எடுத்தா, அது அவர்கிட்ட இருக்காது. அது திருட்டு. எடுத்த அப்புறமும் அவர்கிட்டயே இருந்தா?"

"என்ன எடுத்தீங்க?"

சுற்றி வளைத்துப் பேச எத்தனையோ யோசித்து வைத்திருந்தார். எல்லாம் மறந்து போயிற்று. முழுவதையும் சொன்னார். போனையும் நீட்டினார். டீச்சர் அந்த நாலு வரியை இரண்டு தடவை படித்தார்.

"பாட்டு நடுவுல சீட்டாட்டம், டீச்சர். சங்கீதத்துக்கே அவமானம் இல்லையா?"

"எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கும். அந்த நேரத்துல தண்ணி குடிச்சுக்குவேன்."

"உங்க போன்ல இன்னும் அந்த விளம்பரம் வருதா?"

"வருது."

வேதமூர்த்திக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"நான் செஞ்சது தப்பா டீச்சர்? சொல்லிடுங்க."

டீச்சர் அலமாரியின் மேலே கையைக் காட்டினார். "அந்தத் தம்பூராவை இறக்குங்க."

உறையைக் கழற்றித் துடைத்தார்கள். டீச்சர் நாலு தந்தியையும் சுருதி கூட்டி, தந்திகளுக்கு அடியில் இருக்கும் நூலைச் சரிசெய்து, அவர் மடியில் சாய்த்து வைத்தார்.

"முதல் தந்திக்கு நடுவிரல். மத்த மூணுக்கும் ஆள்காட்டி விரல். தாளம் போடுறவங்களைப் பார்க்காதீங்க. பாட்டு வேகமாப் போனாலும் நீங்க போகாதீங்க. ஒரே மாதிரி."

"நான் பாட வேணாமா?"

"இன்னிக்கு வேணாம். பின்னால உட்காருங்க."

முதலில் பின்வரிசை, அடுத்தது வாசல்தானே என்று வேதமூர்த்தி நினைத்துக்கொண்டார். "விழாவுல நான் பாடுறேனா டீச்சர்?" என்று கேட்டார். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து போய்விட்டார்.

பன்னிரண்டு பேர் வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு முதுகுகள். யாரும் அன்று ஆப்பைப் போடவில்லை. பாட்டு தொடங்கியது.

கால் மணி நேரத்தில் விரல் எரிந்தது. அரை மணியில் கால் மரத்தது. கல்யாணியில் எல்லாரும் மேல் சட்ஜமத்தைத் தொட்டு நின்றபோது அவரும் பாட வாயெடுத்தார். விழுங்கிக்கொண்டார். அவர் மீட்டுவதன் மேல்தான் அத்தனை பேரும் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்ததா என்பது தெரியவில்லை.

ஒருமுறை வலி தாங்காமல் விரலை உதறினார். தம்பூரா நின்றது. பாட்டு தடுமாறியது. பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

"என்ன சார் ஆச்சு?" என்று ஒரு அம்மாள் சிடுசிடுத்தார்.

பதறிப்போய் மறுபடி மீட்டினார். தலைகள் திரும்பிக்கொண்டன.

வகுப்பு முடிந்தது. "இன்னிக்கு சுருதி அவ்வளவு சுகமா இருந்துச்சு டீச்சர்" என்று அதே அம்மாள் டீச்சரிடம் சொல்லிவிட்டு, வேதமூர்த்தியின் காலைத் தாண்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள்.

வேதமூர்த்தி விரலைப் பார்த்தார். கொப்புளித்திருந்தது. கொப்புளத்தைவிட அந்த அம்மாள் தாண்டிப் போனதுதான் வலித்தது.

"இது எனக்குத் தண்டனையா டீச்சர்?"

"நீங்க கேள்விதானே கேட்டீங்க? இது பதில்."

"ஒருத்தர்கூட என்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லல."

"திரும்பிக்கூடப் பார்க்கலையா?"

"ஒரே ஒரு தடவை பார்த்தாங்க."

"எப்போ?"

"நான் நிறுத்தினப்போ."

டீச்சர் தம்பூராவை வாங்கி உறையில் நுழைத்தார்.

"அந்த ஆப் செஞ்சவரும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பார்த்தாரு, சார்."

வேதமூர்த்தி போனை எடுத்து வகுப்புக் குழுவைத் திறந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவர் போட்டது அங்கேயே இருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். என்ன எழுதுவது என்று தெரியாமல் கொப்புளித்த விரலைத் திரையின் மேல் வைத்தபடி நின்றார். இது போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் எப்படித் தேடிப் போவது என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில், கேட்கக்கூடாது என்று நினைத்ததையே கேட்டார்.

"விழாவுக்கு... நான் வரலாமா?"

"பாடுறீங்க. அந்த ஆப் அப்ப இருக்காது. நான் உங்க பின்னால உட்கார்ந்து மீட்டுறேன்."

"அய்யோ, நீங்களா? எனக்கா?" அவர் பதறிப்போனார். "டீச்சர், உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்களே!"

"நீங்க பார்ப்பீங்களா சார்? நான் நிறுத்தாமலே?"