கீழே எழுதியவர்கள்

சாயப்பட்டறைகள் நிறைந்த ஊர் அது. ஆற்றங்கரையில் சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த மங்கையர்க்கரசி அம்மையாருக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பம் ஏறி இறங்கிய காலத்தில் கேட்க நேரமில்லாத கேள்விகளை எல்லாம் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மழை நாளில் ஆறு கருநீலமாக ஓடியது. மீன்கள் செத்து மிதந்தன. எதிர்க்கரையில் இருந்த பெரிய பட்டறையின் குழாயிலிருந்து சாயத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதைச் செல்போனில் வீடியோ எடுத்தார். கண்டதைத் தன் குரலிலேயே சொல்லி இணையத்தில் போட்டார்.

மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதிகாரிகள் வந்து குழாய்க்குச் சீல் வைத்தார்கள்.

அவர் மடத்துக்கு ஓடிவந்தார்.

“அம்மா, முப்பது வருசமா மனு கொடுத்தோம், ஒண்ணும் நடக்கல. இப்பப் பாருங்க. இனிமே பெரிய மனுசன் சின்ன மனுசன்னு கிடையாதுங்க. கையில போன் இருக்கறவன் பேசலாம்.”

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வீடியோவுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்காங்களே, அது என்ன?”

“பாத்தவங்க எழுதறதுங்க. அந்தப் பட்டறையில வேலை செய்யற பொம்பளைங்க நாலு பேரு எழுதியிருக்காங்க. ‘நிசந்தானுங்க, மழை வந்தாலே திறந்து விட்டுடறாங்க, நாங்க கண்ணால பாத்தோம்’னு.”

“பேரோடவா?”

“பேரு, போட்டோ எல்லாத்தோடயும்.” அவர் நான்கு பெயர்களையும் திரையைப் பார்த்துப் பெருமையாகப் படித்துக் காட்டினார்.

அம்மையாரின் கை கீரையில் நின்றது.

அடுத்த வாரம் அந்த நான்கு பெண்களையும் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலை இல்லை என்றார்கள். காரணம் சொல்லவில்லை. அன்றைக்கே முதலாளியும் ஒரு வீடியோ போட்டார். ஊருக்குள் லாரியில் குடிதண்ணீர் வருகிறது. அவரே குழாயைப் பிடித்துக் குடங்களை நிரப்புகிறார். பின்னால் பாட்டு ஓடுகிறது. அதை எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பத்தாம் நாள் பார்த்தால் குழாயில் சீல் இல்லை.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். பட்டறை மேஸ்திரியைச் சந்தேகித்தார். டீக்கடைக்காரரைச் சந்தேகித்தார். தன்னோடு இருபது வருடம் கம்பம் ஏறிய கூட்டாளி ரங்கசாமியையும் சந்தேகித்து, அவரோடு பேசுவதை நிறுத்தினார்.

“யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா.”

“எது?”

“அந்த நாலு பேரோட பேரையும் முதலாளிகிட்டப் போய்ச் சொன்னவன்.”

“எனக்கு நீங்க எப்படிச் சொன்னீங்க?”

“போனைப் பாத்துப் படிச்சேன்.”

“முதலாளிக்குப் படிக்கத் தெரியாதா?”

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப இது யாருக்குத்தாங்க வேலை செய்யுது? நமக்கா, அவங்களுக்கா?”

“அந்தப் போனை இங்க வச்சுட்டு, அந்த நாலு பேரையும் போய்ப் பாத்துட்டு வாங்க.”

“பாத்து என்ன சொல்றதுங்க?”

“பாத்துட்டு வாங்க.”

அவர்கள் வீடு எங்கே என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்துக்கொண்டு போனார். முதலில் பாவாத்தாள் வீடு. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து, கையைத் துடைத்து, ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“உங்களை என்ன பண்ணுனாங்கய்யா?”

“என்னையா? ஒண்ணும் பண்ணல.”

“உங்களுக்குப் பென்சன் வருதில்லீங்களா.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. “ரெண்டு லட்சம் பேரு பாத்தாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. தெனமும் காலையில போய் நாங்க பட்டறை வாசல்ல நிக்கறோம். எங்களைத் தாண்டித்தான் அத்தனை பேரும் உள்ள போறாங்க. ஒருத்தரு நிக்கலீங்க.”

மற்ற மூன்று வீடுகளிலும் அவர்கள் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அங்கிருந்து நேராக ரங்கசாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் நாச்சிமுத்து, ரங்கசாமியோடு சேர்த்து ஆறு பேர் நின்றார்கள். மேலே இருந்த கேமரா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. காவலாளி உள்ளே இருந்தபடி போனில் படம் பிடித்தான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாச்சிமுத்து முன்னால் வந்து நின்றார்.

“நல்லா எடுத்துக்கப்பா. என் மூஞ்சி தெளிவா விழுதான்னு பாத்துக்க.”

இரண்டாம் நாள், உள்ளே போய்க்கொண்டிருந்த ஒரு பெண் தயங்கி, பிறகு அவர்கள் பக்கம் வந்துவிட்டாள். அவளோடு ஏழு பேர். மூன்றாம் நாள் அறுபது பேர். நான்காம் நாள் பட்டறையில் இயந்திரங்கள் ஓடவில்லை. மதியத்துக்குள் மேனேஜர் வெளியே வந்து, நான்கு பேரையும் உள்ளே வரச் சொன்னார். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று காலைதான் நாச்சிமுத்து மடத்திலிருந்து போனை எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“அம்மா, அவங்க உள்ள போனதை எடுத்திருக்கேன். அழுதுட்டே சிரிக்கறாங்க. இதைப் போட்டா நாடே பாக்கும். முதலாளி தலை தூக்க முடியாது. போட்டுடட்டுங்களா?”

அம்மையார் போனை வாங்கிப் பார்த்தார். திரையில் பாவாத்தாள் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“இதுல இருக்கறது என் முகமா?” என்றார் அம்மையார். “என்னை எதுக்குக் கேக்கறீங்க?”