பன்னிரண்டு நாள் கட்டுப்பாடு

"அம்மா, பதினொரு நாட்டுக் கடல்தொழிலாளர்களுக்காகப் பேசுகிறேன். போன மாநாட்டில் ஒருவன் எழுந்து, 'உன்னை யார் அனுப்பினார்கள்?' என்று கேட்டுவிட்டான்."

இருதயராஜ் தோளில் பயணப்பை தொங்கியது. நாளை மறுநாள் ஜெனீவாவில் பேச வேண்டும். இந்தத் தீவில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காக. பேச்சில் கெட்டிக்காரன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவனுக்கோ துளியும் இல்லை.

"யார்தான் அனுப்பினார்கள்?" என்று குரு அழகம்மையும் கேட்டார்.

"மக்கள்."

குரு அவன் பையை வாங்கிக் குடிசைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"போய் அவர்களைப் பார்த்துவிட்டு வா."

"சாயங்காலம் ரயில், அம்மா."

குரு கண்ணை மூடிக்கொண்டார். இனி அவரை அசைக்க முடியாது.

கரையில் வள்ளங்கள் சும்மா கிடந்தன. கடலுக்குள் இருக்க வேண்டிய பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து, பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றும் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களைத் தடுத்தது யார்?" என்றான். குரல் அதற்குள் மேடை ஏறிவிட்டது.

"நாங்கதேன்," என்றாள் சவரியாள். "மாசத்துல பன்னெண்டு நாளுதேன் பாசி எடுக்குறது. மிச்ச நாளு அது வளரட்டும்னு நாங்களே கூடிப் பேசி வச்ச கட்டுப்பாடு."

"எப்போதிருந்து?"

"ஆறு வருசமாச்சு. நீங்க ஊரு ஊராப் பறக்க ஆரம்பிச்சீகளே, அப்பருந்து."

இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். முதல் கோரிக்கை: 'ஆண்டின் எல்லா நாளும் பாசி எடுக்கும் உரிமை.' போன மாநாட்டில் இதற்குத்தான் கைதட்டல் அதிகம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மணலில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்துக் காட்டினான். ஒரு வரியையும் அவர்கள் சும்மா விடவில்லை. தங்களுக்குள்ளேயும் சண்டை போட்டார்கள். வெயில் சாய்வதற்குள் பாதித் தாள் அடிக்கப்பட்டு, ஓரமெல்லாம் புதிதாக எழுதியிருந்தது.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. குரு கதவருகே நின்றார்.

"யார் அனுப்பினார்கள்?"

"சவரியாள். காணிக்கைமேரி. இன்னும் முப்பத்திரண்டு பேர்." கொஞ்சம் தயங்கினான். "ராக்காயி மட்டும், நான் போகவே கூடாது என்றாள். அதையும் அங்கே சொல்ல வேண்டுமாம்."

"சொல்வாயா?"

"முதல் வரியாக எழுதிக்கொண்டேன், அம்மா."

குரு உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார்.